கட்டமும் வளைவும்: காஞ்சிபுரத்திலிருந்து தமிழ் எழுத்து வடிவத்தின் வரலாறு

எழுத்துக்கு ஒலி ஒன்று, உருவம் ஒன்று. கல்லில் வெட்டினாலும் ஓலையில் கீறினாலும் ஈயத்தில் வார்த்தாலும் பட்டில் நெய்தாலும் 'அ' என்பதன் ஒலி மாறுவதில்லை. உருவம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அந்த உருவத்தைத் திட்டமிட்டு அமைப்பது எழுத்துருக் கலை. எழுத்தையும் படத்தையும் ஒரே பரப்பில் ஒழுங்குபடுத்துவது வரைகலை. சுவரொட்டி, நூலட்டை, வணிகச் சின்னம், தேர்தல் சுவரெழுத்து எல்லாம் இவ்விரண்டும் கூடிப் பிறந்தவை.

உலக வரைகலை வரலாறு பெரும்பாலும் 1890களின் பாரிஸ் சுவரொட்டிகளில் தொடங்கி, ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி வழியாகச் சென்று, சுவிட்சர்லாந்தின் கட்டமுறை அச்சமைப்பில் முடிவதாக எழுதப்படுகிறது. தமிழ் எழுத்தின் வரலாறு அந்த வழியில் நடக்கவில்லை. அது கடந்து வந்த கல், நூல், அச்சு, சுவர், திரை ஆகிய பரப்புகளை ஒரே ஊரில் வைத்துப் பார்க்கக் காஞ்சிபுரம் இடம் தருகிறது. பல்லவர் தலைநகரான இவ்வூரில் 8ஆம் நூற்றாண்டின் அலங்கார எழுத்துகள் கோயில் சுவரில் இருக்கின்றன. கட்டத்தாளில் புள்ளி வைத்து உருவம் அமைக்கும் நெசவாளர் தறிகள் இங்கே ஓடுகின்றன. சுவரெழுத்தையும் சுவரொட்டியையும் அரசியல் மொழியாக்கிய இயக்கத்தின் தலைவர் சி. என். அண்ணாதுரை 1909இல் இவ்வூரில்தான் பிறந்தார்.

இந்த வரலாறு நெடுகிலும் இரண்டு விசைகளைக் காணலாம். ஒன்று சிக்கனம்: கருவிக்கும் பொருளுக்கும் ஏற்ப எழுத்தைச் சுருக்குவது. மற்றொன்று தேர்வு: படிப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் எழுத்துக்கு என்ன தோற்றம் தருவது என்று முடிவு செய்வது. எழுத்துச் சீர்திருத்தங்களைப் பெரும்பாலும் சிக்கனமே நடத்தியிருக்கிறது. வடிவமைப்பாளரின் வேலை தேர்வில் தொடங்குகிறது.

கல்லில் நான்கு வரிசை

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோயிலின் திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முகப்பில் மன்னனின் விருதுப் பெயர்கள் வடமொழியில் வெட்டப்பட்டுள்ளன: அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீபரன் என்பன போன்ற நூற்றுக்கணக்கான பட்டங்கள். இவற்றைப் படியெடுத்த ஈ. ஹூல்ஷ், 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

பட்டங்கள் நான்கு வரிசைகளாக, வெவ்வேறு எழுத்து வகைகளில் அமைந்துள்ளன என்பதே வரைகலை நோக்கில் முதன்மையான செய்தி. பல்லவ கிரந்தம், நாகரி ஆகியவற்றோடு அவற்றின் அலங்கார வடிவங்களும் இங்கே உண்டு. அலங்கார வரிசைகளில் எழுத்தின் தலைக்கோடு வளைந்து சுருள்கிறது. கால் நீண்டு கொடியாகிறது. செய்தியைச் சொல்ல ஒரு வரிசை போதும். அதே பெயரை வேறு வேறு கையில் மறுபடி வெட்டியதற்குப் படிப்போரின் தேவை காரணமாக இருக்க முடியாது. மன்னனின் பெயர் எத்தனை தோற்றங்களில் நிற்க முடியும் என்று காட்டுவதே அங்கே நோக்கம். இன்று ஓர் எழுத்துருக் குடும்பத்தில் மெல்லியது, தடித்தது, அலங்காரமானது என்று பல வகைகளை வைத்திருப்பதற்கு நிகரான சிந்தனை இது.

இரண்டாம் நந்திவர்மன் அதே நூற்றாண்டில் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயில் இன்னொரு பாடம் தருகிறது. அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு புடைப்புச் சிற்பங்களாக, கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. நந்திவர்மன் அரசேற்ற நிகழ்ச்சிகளைக் காட்டும் பகுதியில் சிற்பங்களை விளக்கும் தமிழ் வாசகங்களும் உள்ளன. படம் நிகழ்ச்சியைக் காட்டுகிறது; எழுத்து அதில் இருப்பவர் யார், நடப்பது என்ன என்று சொல்கிறது. ஒன்று சொல்வதை மற்றொன்று திரும்பச் சொல்லாமல் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு, பிற்காலச் சுவரொட்டிக்கும் படக்கதைக்கும் அடிப்படையானது.

ஓலையிலிருந்து ஈயத்துக்கு

கல்லில் உளி செய்ததை ஓலையில் எழுத்தாணி வேறு விதமாகச் செய்தது. எழுத்தாணி கீறும் கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. கோடு முழுக்க ஒரே பருமன். ஓலை கிழியாமலிருக்க மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். கையை எடுக்காமல் தொடர்ந்து எழுதும்போது முனைகள் உருண்டு சுழிகளாயின. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் 'இரண்டு சுழி ன', 'மூன்று சுழி ண' என்றே படிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் சுழி அழகுக்காகச் சேர்த்த உறுப்பு அன்று. ஒரு சுழி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும். பிற்கால அச்சுக்கும் தறிக்கும் திரைக்கும் தமிழ் வைத்த சோதனை இந்தச் சுழியில்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்து அச்சேறியது 1578இல், கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலில். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கே அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அவருக்கு வந்த எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தது. தமிழ் எழுத்து சிறிதானதற்கு முதற்காரணம் தாள் சிக்கனம்.

அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர், எ–ஏ, ஒ–ஓ என்ற குறில் நெடில் வேறுபாட்டை எழுத்துருவில் தெளிவாக்கினார் என்பது மரபான கருத்து. பழைய முறையில் குறிலின் மேல் புள்ளி இருந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். ஓலையிலோ புள்ளி விடுபட்டுப் போகும். கொம்பின் உருவையே மாற்றியதால் அந்தக் குழப்பம் நீங்கியது. இது சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம் இல்லை. தெளிவுக்காக ஓர் உருவத்தைக் கூட்டிய மாற்றம்.

19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் உருவாக்கிய தமிழ் எழுத்துகள் சிறிய அளவிலும் சுழி அடைபடாமல் அச்சேறின. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி அந்த அச்சகத்தின் வேலை. ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான சொற்களை நெருக்கி அடுக்கியும் படிக்க முடிந்ததற்கு எழுத்துவார்ப்பின் திறனே காரணம்.

சுருக்கத்தின் காலம்

1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, பொருளின் பயனும் அது செய்யப்படும் முறையுமே அதன் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பியது. அதன் ஓவியர்களின் படைப்புகள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு மாறிய 1925இல், அங்கே கற்பித்த ஹெர்பர்ட் பையர் சிறிய எழுத்துகள் மட்டுமே கொண்ட 'யுனிவர்சல்' எழுத்தை வரையத் தொடங்கினார். ஒரே ஒலிக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இரண்டு உருவங்கள் எதற்கு என்பது அவரது கேள்வி. பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழியில் இது சிறிய கேள்வி அன்று. 1928இல் யான் சிக்கோல்ட் எழுதிய புதிய அச்சமைப்பு பற்றிய நூல் இந்தக் கருத்தை அச்சகத்தாரிடம் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் துருக்கி, அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது.

இதற்கு இணையான கேள்வி தமிழில் ஓவியரிடமிருந்து வரவில்லை. பத்திரிகை நடத்தியவரிடமிருந்து வந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1925 மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் வெளியேறினார். பத்தாண்டுகள் அச்சகம் நடத்திய பட்டறிவோடு 1935இல் அவர் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்துத் தம் இதழ்களில் நடைமுறைப்படுத்தினார்.

கம்பாசிட்டரின் பெட்டியிலிருந்து பார்த்தால்தான் அதன் காரணம் புரியும். தமிழுக்கு எழுத்துகள் 247 என்றாலும் அத்தனைக்கும் தனித்தனி ஈய அச்சு வேண்டியதில்லை. ஆகாரத்துக்குத் துணைக்கால், எகர ஏகாரங்களுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், ஐகாரத்துக்கு இணைக்கொம்பு என்று தனி அச்சுகளைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் க், க, கி, கீ, கு, கூ என்ற ஆறும் எழுத்தோடு ஒட்டிய உருவங்கள். 18 மெய்களுக்கு இவை 108. உயிர் 12, ஆய்தம் 1, தனிக் குறிகள் 4 ஆகியவற்றையும் சேர்த்தால் 125 அச்சுகள். கிரந்த எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் இதற்கு மேல். ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 போதும்.

இந்த ஒழுங்குக்கும் சில எழுத்துகள் அடங்கவில்லை. ண, ற, ன ஆகியவற்றின் ஆகாரம் துணைக்கால் ஏற்காமல் கீழே சுழித்து ஒட்டிய தனி உருவமாக இருந்தது. ண, ல, ள, ன ஆகியவற்றின் ஐகாரம் யானைத் துதிக்கை போல மேலே தூக்கிய கொக்கியோடு எழுதப்பட்டது. பெரியாரின் திட்டம் இவற்றையும் பொதுவிதிக்குள் கொண்டுவந்தது. ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதவும் பரிந்துரைத்தது. அவரது நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு பிறப்பித்த ஆணை, ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளின் புதிய வடிவை ஏற்றது. அய், அவ் பரிந்துரை அதில் சேரவில்லை. அச்சுக்கணக்கில் இந்தப் பதின்மூன்றும் ஏழு அச்சுகளின் குறைப்புதான். ஒகர ஓகார வரிசை ஆறும் பழைய ஆகார அச்சுகள் மூன்றையே பயன்படுத்தியவை.

பையரின் எழுத்து வடிவமைப்பாளர் வட்டத்தைத் தாண்டிப் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. தமிழ்ச் சீர்திருத்தம் பள்ளிப் பாடநூல் வழியாக ஒரு தலைமுறைக்குள் இயல்பாகிவிட்டது. இழந்ததும் உண்டு. துதிக்கை ஐகாரம் ஒரு சொல்லின் மேல்விளிம்பில் ஏற்ற இறக்கம் தந்தது; ஒட்டிய ஆகாரம் இடத்தை மிச்சப்படுத்தியது. 1978க்கு முந்தைய நூலின் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்தால் வரியின் அடர்த்தி மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

தட்டச்சுப் பொறியும் இதே நெருக்கடியைச் சந்தித்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு, புள்ளி போன்ற குறிகளைத் தாள் நகராமலே அடித்து, அடுத்த எழுத்தை அதோடு பொருத்தும் உத்தியால் விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது.

தறியின் கட்டத்தாள்

அச்சகத்தில் எழுத்தைச் சுருக்கிய அதே தர்க்கம் காஞ்சிபுரத்துத் தறிகளில் உருவங்களைப் படிக்கட்டாக்கியது. நெசவில் வளைவு என்று ஒன்று கிடையாது. பாவும் ஊடையும் செங்கோணத்தில் மட்டுமே சந்திக்கும். மயிலின் கழுத்தோ மாங்காயின் நுனியோ துணியில் வளைவாகத் தெரிவது, நுண்ணிய படிகள் கண்ணுக்குக் கலந்துவிடுவதால்தான். நூல் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் படியின் உயரம் குறையும், உருவம் வழவழப்பாகும்.

உருவத்தை முதலில் கட்டத்தாளில் வரைவார்கள். ஒரு கட்டம் ஓர் இழைச் சந்திப்பைக் குறிக்கும். வண்ணம் இட்ட கட்டத்தில் ஜரிகை மேலே வரும், வெற்றுக் கட்டத்தில் கீழே போகும். பழைய முறையில் இந்த வரிசை 'அடை' என்ற இழைக்கட்டில் கட்டி வைக்கப்பட்டது. பிரான்சில் 1804இல் உருவான ஜக்கார்டு பொறி அதை ஓட்டையிட்ட அட்டைகளாக மாற்றியது. அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி நுழைந்து பாவிழை உயரும், இல்லாவிட்டால் உயராது. 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலைகளால் முழு மயிலையும் சொல்லிவிடலாம். கணினித் திரையின் புள்ளிக் கட்டத்துக்கு இதுவே முன்னோடி.

காஞ்சிபுரத்தின் தனித்தன்மையான கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறப் பாவாகவும் தனித்தனி ஊடையாகவும் நெய்யப்பட்டு விளிம்பில் கோக்கப்படுகின்றன. நெசவாளரோடு இன்னொருவர் உட்கார்ந்து, மூன்று நாடாக்களால் இதைச் செய்வது வழக்கம். கரை உடலோடு சேரும் இடத்தில் வரும் கோபுர வரிசை, அதாவது ரேக்கு, இந்தக் கோர்ப்பிலிருந்தே தோன்றும் கூர்முனை வரிசை. செய்முறையின் அடையாளத்தை மறைக்காமல் அதையே அழகாக மாற்றிய வடிவம் அது. பௌஹவுஸ் எதைக் கொள்கையாக எழுதிவைத்ததோ அது இங்கே தொழில்முறையாகவே இருந்தது. பிற உருவங்களின் பெயர்களும் கண்ணால் அளந்து வைத்தவை: மயில்கண், ருத்திராட்சம், வைரஊசி, முத்துக்கட்டம்.

பௌஹவுஸின் நெசவுப் பட்டறையும் இதே கட்டத்தாளில்தான் வேலை செய்தது. 1927 முதல் 1931 வரை அதற்குத் தலைமை தாங்கியவர் குன்டா ஷ்டோல்ஸ்ல். அங்கே பயின்ற அன்னி ஆல்பர்ஸ் பின்னர் அமெரிக்காவில் நெசவை நவீன வடிவமைப்பின் ஒரு துறையாக நிலைநாட்டினார். 1965இல் வெளியான அவரது நெசவு நூல் கட்டம், இழை, மீள்வரிசை ஆகியவற்றை வடிவமைப்பின் இலக்கணமாக விளக்குகிறது.

இந்தியாவில் ஓவியரையும் தறியையும் இணைத்தது, 1950களில் புபுல் ஜயகரின் முயற்சியில் உருவான நெசவாளர் சேவை மையம். காஞ்சிபுரத்திலும் அதன் கிளை இயங்குகிறது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற எம். ரெட்டப்ப நாயுடு, கே. எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் இந்த மையத்தில் வடிவமைப்பாளர்களாகப் பணிபுரிந்தவர்கள். பகலில் கட்டத்தாளில் கரையையும் முந்தியையும் வரைந்தவர்களே மறுபுறம் சென்னை ஓவிய இயக்கத்தை வளர்த்தார்கள். அந்த இயக்கத்தின் முன்னோடி கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், எழுத்து போலத் தோன்றும் குறிகளும் சாதகக் கட்டங்களும் ஓவியத்தின் உடலாகவே ஆயின. 1966இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், கைவினைப் பொருள்களின் வருவாயில் ஓவியர் வாழ வழி கண்டது.

சுவரும் சுவரொட்டியும்

தமிழ்நாட்டில் வண்ண அச்சின் பெருக்கத்துக்கு முதற்காரணம் தீப்பெட்டி. 1923இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு முத்திரைத் தாள் வேண்டும்; பட்டாசுக்கும் வேண்டும். அதற்காக வந்த லித்தோ அச்சுப்பொறிகள் பின்னர் நாள்காட்டியையும் சுவரொட்டியையும் அச்சிட்டன. உள்ளங்கையில் அடங்கும் தாளில் ஒரு புலியோ கிளியோ, நாலு வண்ணத்தில், எழுத்துத் தெரியாதவரும் கடையில் கேட்டு வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது அந்த முத்திரையின் இலக்கணம்.

நாள்காட்டிப் படங்களின் தலைமை ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் பெருக்கின. நாடகத் திரையின் தூண்களும் மலைகளும் அந்தப் படங்களின் பின்புலமாயின. காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடை நாள்காட்டிகள் இந்த வகையில் வீடுகளுக்குள் போனவை: மேலே தெய்வம், கீழே கடையின் பெயர், அதன் அடியில் தேதித்தாள். கடை தந்த மஞ்சள் பையும் இதே வரைகலையின் இன்னொரு முகம். ஒரே வண்ண மை, பெரிய எழுத்தில் பெயர், சிறிய எழுத்தில் முகவரி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஞெகிழிக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்றே பெயர் பெற்றது.

திரைப்படச் சுவரொட்டியில் எழுத்துக்குத் தனி வேலை இருந்தது. ஈய எழுத்தில் பெரிய அளவுகளும் வகைகளும் குறைவு. எனவே ஒவ்வொரு படத்தின் தலைப்பையும் ஓவியரே தூரிகையால் எழுதினார். நிழல் விழும் பருத்த எழுத்து, தீப்பிழம்பு போன்ற எழுத்து, குருதி வடியும் எழுத்து என்று கதையின் தன்மையைத் தலைப்பே சொல்லியது. அச்சின் குறைபாடு கையெழுத்துக் கலையை வளர்த்தது. தட்டி ஓவியர்கள் சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைத் தட்டியில் வரைந்து, முகத்தைக் கட்டம் கட்டமாகப் பெருக்கினார்கள். தறிக்காரரின் முறையும் இவர்களின் முறையும் ஒன்றே. அளவுதான் எதிர்த்திசையில் போனது. 2000களில் பிளக்ஸ் அச்சு பரவியதும் இந்தத் தொழில் பெரும்பாலும் நின்றுபோனது.

அரசியல் சுவரெழுத்து இன்னும் கடுமையான சிக்கனத்தில் பிறந்தது. 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கிய அண்ணாதுரை, 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவினார். கட்சி முதன்முதலாகப் போட்டியிட்ட 1957 தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் வென்றார். கட்சியின் கொடி கறுப்பு, சிவப்பு என்ற இரண்டே வண்ணப் பட்டைகள். சின்னமான உதயசூரியன், இரு மலைகளுக்கு நடுவே அரைவட்டமும் அதிலிருந்து விரியும் கதிர்களும். ஓவியம் கற்காத தொண்டரும் சுண்ணாம்பும் தூரிகையும் இருந்தால் நிமிடங்களில் வரைந்துவிடலாம்.

1906இல் பெர்லினில் லூசியன் பெர்ன்ஹார்டு, பிரீஸ்டர் தீக்குச்சிக்கு வரைந்த சுவரொட்டியில் இரண்டு குச்சிகளும் நிறுவனத்தின் பெயரும் தவிர வேறெதுவும் இல்லை. பொருள் ஒன்று, பெயர் ஒன்று என்ற அந்தச் சுருக்கம் நவீன சுவரொட்டியின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. வியன்னாவில் ஓட்டோ நியூராத்தும் கெர்டு ஆர்ன்ட்ஸும் புள்ளிவிவரங்களை எளிய படக்குறிகளாக்கியது 1920களின் பிற்பகுதியில். சின்னமும் வேட்பாளர் பெயரும் மட்டும் கொண்ட தமிழ்நாட்டுத் தேர்தல் சுவர் இந்த இரண்டு வழிகளும் சேருமிடத்தில் நிற்கிறது. அதற்குக் காரணம் எந்த வடிவமைப்புப் பள்ளியும் இல்லை; படிப்பறியாத வாக்காளரும் சுருங்கிய கைக்காசும்தான்.

புகைப்படச் சுவரொட்டியின் வலிமையை 1967 காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த அவரது படம் சுவரொட்டியாகி மாநிலமெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கு வராமலே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவர் சார்ந்த திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. அந்தப் படத்துக்கு விளக்க வாசகம் தேவைப்படவில்லை.

இதழ்களும் நூலட்டைகளும்

வார இதழ்களின் பெருக்கம் தமிழுக்குப் பெயர்பெற்ற ஓவியர் வரிசையைத் தந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த படங்கள், வாசகர் மனத்தில் சோழர் காலத்தின் தோற்றத்தை நிலைநிறுத்தின. கும்பகோணம் ஓவியப்பள்ளியில் பயின்ற கோபுலு (1924–2015) ஆனந்த விகடனில் வரைந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடரின் மாந்தர்கள் அவர் கோட்டில் உருப்பெற்று, பின்னர் திரைக்குப் போனார்கள். இவர்களின் பக்கங்களில் படத்தோடு தலைப்பெழுத்தும் ஓவியரின் பொறுப்பு. ஈய எழுத்து கதையைச் சொல்ல, தூரிகை எழுத்து அதன் குரலை அமைத்தது.

சிறுபத்திரிகைகள் வேறு திசையில் போயின. ஆதிமூலம் (1938–2008) இதில் முதன்மையானவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், குறைந்த கோடுகளில் ஓர் உருவத்தின் எடையைக் கொண்டுவந்தன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடர் அவர் படங்களோடு ஜூனியர் விகடனில் வெளிவந்தது. சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகள் கல்வெட்டின் கோணத்தையும் கையெழுத்தின் விரைவையும் ஒன்றாகக் கொண்டவை. பழைய வடிவத்தைப் படியெடுக்காமல் அதன் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டவை. 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம், தாள், விளிம்பு, வரியிடைவெளி, அட்டை ஆகிய ஒவ்வொன்றையும் வடிவமைப்பின் பகுதியாகக் கருதி, தமிழ் நூலாக்கத்துக்குப் புதிய அளவுகோல் தந்தது.

திரை

1967இல் நெதர்லாந்தின் விம் குரோவெல், அன்றைய கணினித் திரைகளில் வளைவு சிதைவதைக் கண்டு, நேர்கோடுகளால் மட்டும் ஆன 'நியூ ஆல்ஃபபெட்' எழுத்தை வரைந்தார். கருவிக்கு எழுத்தே வளைந்துகொடுத்த எடுத்துக்காட்டு அது. தமிழுக்கு அந்த வழி அடைபட்டது. சுழியை நிமிர்த்தினால் ண, ன வேறுபாடு போய்விடும். குறைந்த புள்ளிகளில் சுழியைத் திறந்து வைப்பதே தொடக்ககாலத் தமிழ்க் கணிமையாளர்களின் தலைவலி.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார்; ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் அவரது வடிவமைப்பு. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனாலும் பல ஆண்டுகள் ஒவ்வொரு நிறுவனமும் தனிக் குறியாக்கம் வைத்திருந்ததால் ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற தரங்களைப் பரிந்துரைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது.

குறியாக்கச் சிக்கல் தீர்ந்த பிறகே வடிவத்தில் கவனம் திரும்பியது. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்', மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் தமிழையும் லத்தீனையும் இணையாக வைத்தது. இலங்கையின் தாரிக் அஸீஸ் 'கவிவாணர்' எழுத்துருவில் பேனாவின் சாய்வைக் கொண்டுவந்தார்; அவரது 'பவனம்' எளிய ஒருசீர்க் கோட்டில் அமைந்தது. ஏக் டைப் குழுவினரின் 'பலூ', 'அனெக்' குடும்பங்கள் பல இந்திய எழுத்துகளுக்கு ஒரே குணம் தர முயன்றவை. இங்கெல்லாம் முதற்சிக்கல் அகலம். 'ர' ஒடுங்கியது, 'ண', 'ஞ' அகன்றவை. எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் அடைத்தால் சுழி நசுங்கும். அதனதன் போக்கில் விட்டால் வரியில் இடைவெளி சீராக இராது.

தமிழ் எழுத்துரு ஆய்விலிருந்து நாட்டளவிலான சின்னத்துக்குச் சென்றவர் டி. உதயகுமார். ஐ.ஐ.டி. பம்பாயில் முதுநிலை மாணவராக 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். அவர் வரைந்த ரூபாய்க் குறியை இந்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரி 'ர' வடிவத்தையும் தண்டு நீக்கிய ரோமன் 'ஆர்' வடிவத்தையும் ஒன்றாக்கிய குறி அது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் முத்திரையில் அந்தக் குறிக்குப் பதில் 'ரூ' என்ற தமிழ் எழுத்தை வைத்தபோது நாடு முழுவதும் வாதம் எழுந்தது. ஓர் எழுத்தின் உருவம் யாருடையது என்ற கேள்வி வடிவமைப்புக்குள் மட்டும் அடங்குவதில்லை.

இந்த வடிவங்கள் இப்போது தறிக்கும் திரும்பி வருகின்றன. காஞ்சிபுரத்தில் கட்டத்தாளின் இடத்தைப் பல பட்டறைகளில் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது; உருவத்தைத் திரையில் வரைந்து அட்டைக்கோ மின்னணு ஜக்கார்டுக்கோ அனுப்புகிறார்கள். மணமக்களின் பெயரை முந்தியில் நெய்யச் சொல்லிக் கேட்போரும் உண்டு. கணினியில் உள்ள எழுத்துருவை அப்படியே கட்டத்தில் இறக்கினால் ஜரிகை பரவி ண–வின் சுழிகள் அடைபடும். வடிவமைப்பாளர் ஒவ்வொரு சுழியிலும் சில கட்டங்களை வெறுமையாக்கி, படிகளைத் திருத்தி, நெய்தபின் எழுத்து எப்படித் தெரியும் என்று கணக்கிட வேண்டியிருக்கிறது.